தீவுச் சாலைக்கேற்ற மின்சார மலைச் சைக்கிள்

அந்தமான் தீவுக் கூட்டத்தில், 2024ஆம் ஆண்டுவரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திற்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் அமைந்துள்ளது ஹேவ்லாக் தீவு. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கு ஸ்வராஜ் த்வீப் என்னும் பெயர் சூட்டப்பட்டது. எனினும் பழைய பெயரும் மக்கள் வழக்கில் நிலைத்திருக்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் 1950களில் இங்கே குடியேறின. கோவிந்த நகர், விஜய நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் முதலியவை இத்தீவின் கிராமங்கள்.

படகுத்துறையிலிருந்து ராதா நகர்க் கடற்கரைக்குச் செல்லும் சாலை சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ளது. வழியில் ஏற்ற இறக்கங்களும் அடர்ந்த மரங்களும் உண்டு. இத்தகைய வழியில் நாள்தோறும் சென்றுவரும் ஆசிரியருக்கும் கிராம ஊழியருக்கும் மின்சார மலைச் சைக்கிள் நல்ல துணையாகும். ஆனால் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வண்டி துணையாவதற்குப் பதில் சுமையாகிவிடும். சாதாரண சைக்கிளின் சங்கிலி அறுந்தால் அதைத் தள்ளிக்கொண்டு வரலாம். பாட்டரி தீர்ந்த 25 கிலோகிராம் வண்டியை இருட்டில் மேட்டின்மீது தள்ளுவது எளிதன்று. ஆதலால் வாங்குமுன் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது அவசியமாகும்.

உடலுக்கேற்ற சட்டம்

முதலில் கவனிக்கவேண்டியது மோட்டார் அன்று. வண்டிச் சட்டத்தின் அளவேயாகும். வெறுங்காலுடன் சுவரையொட்டி நின்று, கால்களுக்கிடையே ஒரு புத்தகத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளக்க வேண்டும். இதுவே உட்கால் நீளம். சென்டிமீட்டரில் கிடைக்கும் இவ்வெண்ணை 0.226ஆல் பெருக்கினால் மலைச் சைக்கிள் சட்டத்தின் அளவு ஏறத்தாழ அங்குலத்தில் கிடைக்கும். உட்கால் நீளம் 75 சென்டிமீட்டர் உள்ளவருக்கு 17 அங்குலச் சட்டம் பொருந்தும். அதே எண்ணை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். இவருக்கு அது சுமார் 66 சென்டிமீட்டர். பெடல் அடிநிலையில் இருக்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் அசைந்து களைப்பு உண்டாகும்.

வண்டியின் இருபுறமும் கால் வைத்து நிற்கும்போது, மேற்குழாய்க்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. மேட்டில் திடீரென நிறுத்த நேர்ந்தால், கனமான வண்டியைத் தாங்குவதற்கு இரு கால்களும் தரையில் நன்கு ஊன்ற வேண்டும். சேலை அணிபவர்களுக்கு மேற்குழாய் தாழ்ந்த சட்டமே ஏற்றது. இரண்டு அளவுகளுக்கிடையே ஐயம் எழுந்தால் சிறியதைத் தேர்வது நலம். சீட்டை உயர்த்தலாம், சட்டத்தைக் குறைக்க இயலாது. ஆனால் சீட்டுக் குழாயில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியுமாறு உயர்த்தலாகாது. ஒரே வண்டியைப் பலர் உபயோகிக்கும் அலுவலகத்தில், ஒவ்வொருவருக்கும் உரிய உயரத்தைச் சீட்டுக் குழாயில் வண்ணத்தால் குறித்துவைப்பது நல்ல பழக்கமாகும்.

ஏற்றமும் மோட்டாரும்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கிய இலேசான வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. இந்தத் திறன் போதுமா என்ற கேள்வி எழலாம். ஏறுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் எனக் கொள்வோர், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 163 வாட் செலவாகிறது. டயரின் உராய்வையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 வாட். இதில் 80 வாட்டை மனிதர் கால்களால் தந்தால் மோட்டார் தரவேண்டியது 120 வாட்டே. எனவே 250 வாட் மோட்டார் போதும். பல்சக்கரங்கள் தகுந்தவையாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

முன்னால் 38 பற்களும் பின்னால் 28 பற்களும் உள்ள அமைப்பில், நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர். முன்னால் 32, பின்னால் 36 என மாற்றினால் அதே மிதிப்பில் 7 கிலோமீட்டரே செல்லும். ஆனால் காலின் உழைப்பு அதே விகிதத்தில் குறையும். பாட்டரி தீர்ந்த நாளிலும் வீடு சேர்க்கவல்லது இந்த மாற்றமே. மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருந்தால் அமைப்பு எளிது, பழுதும் குறைவு. பெடல் அச்சில் இருந்தால் மேடு ஏறுவதில் சிறந்தது. ஆனால் சங்கிலியும் பற்களும் விரைவில் தேயும்.

பாட்டரிக் கணக்கு

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்கியிருப்பது 360 வாட்-மணி. ராதா நகர் போய்த் திரும்ப 24 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி எனக் கொண்டால் 288 வாட்-மணி செலவாகும். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைத்தால் 360இல் பயன்படுத்தத்தக்கதும் சரியாக 288தான். புதிய பாட்டரிக்கு இது போதும். சில ஆண்டுகளில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபின் போதாது. 14 ஆம்பியர்-மணி பாட்டரியில் 504 வாட்-மணி உண்டு. தேய்ந்த பின்னும் கையிருப்பு நீங்கலாகச் சுமார் 322 வாட்-மணி கிட்டும்.

தீவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியைப் பிரயாணியின் உடைமையாக விமானத்தில் கொண்டுவர அனுமதியில்லை. மாற்றுப் பாட்டரி கடல் வழியாகவே வரவேண்டியிருக்கும். ஆகையால் இடமுள்ள பாட்டரியை முதலிலேயே வாங்குவது சிக்கனமாகும்.

எதை முதலில் மாற்றுவது

பணம் அளவோடு இருக்கும்போது பிரேக்குக்கே முதலிடம். 100 கிலோகிராம் எடை 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது சுமார் 59,000 ஜூல் சக்தி வெளிப்படுகிறது. வேகம் கூடாமலிருக்க அதன் பெரும்பகுதியை பிரேக் வெப்பமாக்க வேண்டும். 160 மில்லிமீட்டர் தட்டுக்குப் பதில் 180 மில்லிமீட்டர் தட்டு பொருத்தினால், அதே கைவிசையில் நிறுத்தும் விசை எட்டில் ஒரு பங்கு கூடும். முன் கவைக்கட்டை அத்தட்டுக்கு இடந்தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது டயர். அகன்ற டயரைச் சற்றுக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டினால் மணலிலும் ஈரமண்ணிலும் பிடிப்பு கிடைக்கும். எளிதில் கிடைக்கும் அளவையே தேர்ந்து, ஒரு டியூபைக் கூடவே வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது விளக்கு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஹேவ்லாக் 93 பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் இங்கே சூரியன் 42 நிமிடம் முன்னதாகவே செல்கிறான். நவம்பர், டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் அஸ்தமனமாகிவிடும். மரச்செறிவில் இன்னும் சீக்கிரம் இருளும். எனவே பள்ளி முடிந்து திரும்புபவருக்கு விளக்கு அலங்காரமன்று.

அதிகத் திறனுள்ள மோட்டாரைப் பொருத்துவது கடைசியிலும் வேண்டாம். 250 வாட்டைத் தாண்டினால் வண்டி பதிவு, உரிமம், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்கு உட்படும். பழைய பிரேக்கும் சட்டமும் அவ்வேகத்திற்கென அமைந்தவையல்ல.

உப்பும் மழையும்

கடற்கரைக் காற்றிலுள்ள உப்பு இரும்பை விரைவில் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆரக்கம்பிகள் கூடுதல் விலைக்குத் தகும். அலுமினியச் சீட்டுக் குழாய் எஃகுச் சட்டத்தினுள் இருந்தால், உப்புநீர் புகுந்து இரு உலோகங்களும் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் கிரீஸ் தடவி அவ்வப்போது கழற்றிப் பூட்டுவது நல்லது. ஐ.பி.எக்ஸ். 4 என்னும் குறி நீர்த்தெளிப்பைத் தாங்கும் என்பதையே குறிக்கும், மூழ்குவதைத் தாங்காது. கடலலையில் ஓட்டுவதும், வேகமாகப் பீய்ச்சும் நீரால் கழுவுவதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுதல் போதும். பாட்டரியை உலர்ந்த இடத்தில், படுக்கையறைக்கும் வெளியேறும் வாயிலுக்கும் அப்பால் வைத்து சார்ஜ் செய்ய வேண்டும்.

மேற்கண்ட கணக்குகள் யாவும் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திற்கு உட்பட்டவை. மாணவர்கள் தங்கள் ஊரின் மேட்டை அளந்து வாட் கணக்கிட்டால், திறன், சக்தி என்னும் சொற்கள் வெறுஞ்சொற்களாக நில்லா. ஊழியர் தம் உட்கால் நீளத்தையும் தாம் செல்லும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வாராயின், அவர் வாங்கும் வண்டி அவரை மாலையில் வீடு சேர்க்கும்.