மெயில் ஏன் திரும்பி வருகிறது?



போன வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு அப்ரண்டிஸ் விண்ணப்பம் மெயிலில் அனுப்பினேன். "அனுப்பியாச்சுடா!" என்று ஆவடி பஸ்ஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் அந்த மெயில் என்னிடமே திரும்பி வந்தது! 'டாட் காம்' என்று முடிய வேண்டிய முகவரியை 'டாட் இன்' என்று அடித்திருக்கிறேன். கடைசித் தேதியோ முந்தின நாளே முடிந்துவிட்டது. "தப்புன்னா அப்பவே சொல்லித் தொலைக்கக்கூடாதா?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினேன். உட்கார்ந்து படித்தபோதுதான் காரணம் புரிந்தது.

முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வருவது டொமைன். நம் மெயில் சர்வர் அதை எடுத்துக்கொண்டு, டி.என்.எஸ். என்ற பெயர்ப் பதிவேட்டில் "இந்த டொமைனுக்கு மெயில் வாங்குவது யார்?" என்று கேட்கும். அந்தப் பதிவுக்குப் பெயர் எம்.எக்ஸ். அது இல்லாவிட்டால் டொமைனின் ஐ.பி. முகவரியையே தட்டிப் பார்க்கும். தப்பான டொமைன் என்றால் இனி நடக்கக்கூடியவை மூன்று.

ஒன்று: "அப்படி ஒரு டொமைனே கிடையாது" என்று பதில் வரும். மெயில் உடனே திரும்பிவிடும். "எங்களுக்கு மெயில் வேண்டாம்" என்று டொமைன்காரரே பதிந்து வைக்கவும் 2015-ல் ஒரு விதி வந்தது. அங்கும் உடனே திரும்பும்.

இரண்டு: டொமைன் இருக்கிறது, ஆனால் அங்கே சர்வர் பதில் சொல்லவில்லை. இதுதான் என் கதை! கரண்ட் போயிருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம். அதனால் நம் சர்வர் மெயிலை க்யூவில் வைத்து, பூட்டிய வீட்டுக்கு மறுபடி வரும் போஸ்ட்மேன் மாதிரி, திரும்பத் திரும்ப முயலும். 2008-ல் வெளியான எஸ்.எம்.டி.பி. விதி, பொதுவாக 4-5 நாளாவது முயலச் சொல்கிறது. சில சர்வர்கள் அதற்கு முன்பே கைவிடும்.

மூன்று: தப்பான டொமைன் வேறொருவருடையது, அவர் மெயிலும் வாங்குகிறார். அப்போது எதுவுமே திரும்பாமல் போகலாம். அமெரிக்க ராணுவ முகவரி 'டாட் மில்' என்று முடியும். அதில் 'ஐ' எழுத்து விட்டுப்போனால் அது ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டின் டொமைன்! இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில்கள் வழிதவறிப் போனதாக 2023-ல் செய்தி வந்தது.

ஆகவே, திரும்பி வரும் மெயிலைப் படிக்காமல் அழிக்காதீர்கள். அதில் உள்ள எண் 5-ல் தொடங்கினால் நிரந்தரத் தோல்வி, முகவரியைச் சரிபாருங்கள். 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல் என்று அர்த்தம். எதுவும் வராவிட்டால் போய்ச் சேர்ந்தது என்று நம்பிவிடாதீர்கள்.

இந்த வருடம் பூந்தமல்லி கம்பெனி ஒன்றுக்குப் பத்து நாள் முன்பே அனுப்பினேன். அனுப்பிய கையோடு போன் போட்டு, "சார், என் மெயில் வந்துச்சா?" என்றும் கேட்டுவிட்டேன். நீங்களும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்!