கார்பன் சைக்கிள் துருப்பிடிக்காது... அப்புறம் ஏன் மண்டபத்தில் சீட் போஸ்ட் மாட்டிக்கொள்கிறது? வீட்டிலேயே மவுண்டன் பைக் அசெம்பிள் செய்பவர்களுக்கு ஒரு விளக்கம்

மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் வீசும் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. வீட்டு ஜன்னல் கம்பி, டூவீலர் சைலன்ஸர், கேட் தாழ்ப்பாள் என எல்லாமே சீக்கிரம் போய்விடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அருகிலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலுவூட்டலும், பாலிசிலோக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டதற்குக் காரணம் இதே உப்புதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கார்பன் ஃப்ரேமை ஆன்லைனில் வாங்கி, ஃபோர்க், பிரேக், கியர் எல்லாம் தனித்தனியாக வரவழைத்து, வீட்டுத் திண்ணையிலேயே மவுண்டன் பைக் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்தில் மலை இல்லைதான். ஆனால் கடற்கரை மணலுக்கும் கருவேலங்காட்டு மண் பாதைக்கும் அகலமான டயர் வசதி. "கார்பன்தானே, துருவே பிடிக்காது, கடலோரத்துக்கு இதுதான் சரி" என்று நினைத்து வாங்குவார்கள்.

இது பாதி உண்மை. கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை அது வேகமாக அரிக்கவைக்கும். எப்படி? அசெம்பிள் செய்யும்போதே இதைத் தடுப்பது எப்படி? பார்க்கலாம்.

கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் என்ன பகை?

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் ஒன்று அரிக்கப்படும், மற்றது தப்பிக்கும். இதற்கு கால்வானிக் அரிப்பு என்று பெயர்.

கப்பல்களின் இரும்பு அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். துத்தநாகம் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கார்பன் உலோகம் இல்லை, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் உங்கள் சைக்கிளிலும் இதே கதை நடக்கும். கார்பன் தப்பிக்கும், அந்தத் துத்தநாகத்தின் வேலையை அலுமினியம் செய்யும்.

விமானத் துறையும் இதைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி கார்பன் உள்ளிட்ட கலவைப் பொருட்கள். அதில் கார்பனைத் தொடும் பல இடங்களில் அலுமினியத்துக்குப் பதிலாக டைட்டானியம் பயன்படுத்தப்படுகிறது. டைட்டானியத்துக்கு கார்பனோடு இந்தச் சண்டை கிடையாது.

மழையே இல்லையே, தண்ணீர் எங்கிருந்து வரும்?

மழை தேவையே இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நசநசத்துப்போகும். ராத்திரி போர்ட்டிகோவில் நிறுத்தி, காலையில் தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டும் பிசுபிசுப்பு அதுதான்.

மண்டபம் காற்று இந்த விஷயத்தில் அவ்வளவு கடுமையானது என்பதால்தான், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே தனது அரிப்பு ஆய்வு நிலையத்தை வைத்திருக்கிறது.

நல்ல ஃப்ரேம் தயாரிப்பாளர்கள் கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கு வைப்பார்கள், அலுமினியத்துக்கு அனோடைஸ் பூச்சும் கொடுப்பார்கள். பூட்டும்போது அந்தப் பூச்சைக் கீறிவிட்டால் பாதுகாப்பு போச்சு. அதனால்தான் வீட்டில் செய்யும் அசெம்பிளி இங்கே அவ்வளவு முக்கியம்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பாதிப் பிரச்சினை, ஒன்றுக்கொன்று பொருந்தாத பார்ட்ஸ் வாங்குவதில்தான் ஆரம்பிக்கும். ஆர்டர் போடும் முன் இவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்:

- பாட்டம் பிராக்கெட்: மரை உள்ளதா, அழுத்திப் பொருத்தும் பிரஸ் ஃபிட்டா? கடலோரத்துக்கு மரை வகையே நல்லது. கழற்றி, துடைத்து, மீண்டும் மாட்டுவது சுலபம்.
- சக்கர அகலம்: பூஸ்ட் ஃப்ரேம் என்றால் பின்னால் 148 மி.மீ., முன்னால் ஃபோர்க் 110 மி.மீ. பழைய 142 மி.மீ. ஹப் அதில் உட்காராது.
- ஹெட்செட் அளவு, சீட் போஸ்ட் விட்டம்: 30.9 மி.மீ., 31.6 மி.மீ. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, அல்லது ஆடும்.
- தரச் சான்று: சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 சோதனையில் தேறியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பெரிய பிராண்டின் ஸ்டிக்கர் ஒட்டி, பாதி விலைக்கு வரும் ஃப்ரேமைத் தொடவே வேண்டாம்.

'இன்னும் ஒரு சுத்து' ஏன் ஆபத்து?

"இன்னும் ஒரு சுத்து டைட் வெச்சா தப்பில்ல" என்பது இரும்பு சைக்கிள் காலத்துப் பழக்கம். இரும்பு வளையும், நசுங்கும், நமக்கு முன்கூட்டியே தெரியும். கார்பன் அப்படி இல்லை. உள்ளே விரிசல் விட்டு, வெளியே ஒன்றும் காட்டாமல் இருந்து, ஒரு நாள் திடீரென்று உடையும். ஹேண்டில் பாரோ, ஃபோர்க்கின் மேல் குழாயோ ஓட்டத்தில் உடைந்தால் நேராக முகம்தான் தரையில் மோதும்.

அதனால் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். ஸ்டெம், சீட் கிளாம்ப் போல்ட்டுகள் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். 5 நியூட்டன் மீட்டர் என்றால், 10 செ.மீ. நீளமுள்ள ஆலன் கீயின் முனையில் சுமார் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அவ்வளவுதான். பார்ட்டின் மேலேயே அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் இறுதி.

எந்த இடத்தில் எதைத் தடவ வேண்டும்?

- கார்பன் பிடிமானம் உள்ள இடம் (ஹேண்டில் பார், சீட் போஸ்ட்): கார்பன் பேஸ்ட். இதில் உள்ள நுண்ணிய துகள்கள் பிடிப்பைக் கூட்டும், அதனால் குறைந்த இறுக்கமே போதும். இங்கே சாதாரண கிரீஸ் தடவினால் வழுக்கும். வழுக்குகிறதே என்று மேலும் முறுக்கினால் விரிசல்.
- போல்ட் மரைகள், பெடல்: கிரீஸ் அல்லது ஆன்டி சீஸ் பேஸ்ட். காய்ந்த மரையில் எதையும் பூட்டாதீர்கள்.
- பாட்டம் பிராக்கெட் மரை: தாராளமாக கிரீஸ். இங்கே வலது பக்கக் கப் எதிர்த்திசை மரை, இடப்புறமாகச் சுற்றினால்தான் இறுகும். பெடலில் நேர்மாறு: இடது பெடல்தான் எதிர்த்திசை மரை.
- பாட்டில் ஹோல்டர் போல்ட்: பலரும் மறக்கும் இடம். ஸ்டீல் போல்ட், அலுமினிய நட், கார்பன் குழாய் மூன்றும் சேரும் இடம் இது. வியர்வையும் இங்கேதான் சொட்டும். ஆன்டி சீஸ் தடவாவிட்டால், பின்னாளில் போல்ட்டைத் திருகும்போது நட்டும் சேர்ந்தே சுற்றும்.

சீட் போஸ்ட்டையோ கார்பன் ஹேண்டில் பாரையோ அறுக்க வேண்டியிருந்தால், நுண்ணிய பல் உள்ள பிளேடு போடுங்கள். அறுக்கும் இடத்தை ஈரப்படுத்தி, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டும்போது ஃப்ரேம் குழாயைக் கவ்வவைக்காதீர்கள். சீட் போஸ்ட்டைக் கவ்வவையுங்கள்.

பூட்டிய பிறகு வரும் 6 பிரச்சினைகள்... தீர்வு என்ன?

1. முன்பக்கம் 'டக் டக்' என்று ஆடுகிறது.
முன் பிரேக்கைப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் லூஸ். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளை முதலில் தளர்த்துங்கள். பிறகு மேல் மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்குங்கள். ஸ்டெம்மை நேராக்கி, கடைசியாகப் பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். இந்த வரிசை மாறினால் ஆட்டம் நிற்காது.

2. பெடல் மிதிக்கும்போது 'கிரீச்' சத்தம்.
எல்லோரும் முதலில் பாட்டம் பிராக்கெட்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பெடல் மரை, சீட் போஸ்ட், கியர் ஹேங்கர் போல்ட் ஆகியவற்றிலிருந்தும் அதே சத்தம் வரும். முதலில் எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட் பக்கம் கோளாறு. நிற்காவிட்டால் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள்.

3. கியர் சரியாக ஏறவில்லை.
பார்சலில் வரும்போது ஹேங்கர் வளைந்திருக்கலாம். பின்னால் நின்று பார்த்தால் டெரய்லர் சாய்ந்திருப்பது தெரியும். அதை நிமிர்த்தாமல் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை. ஹேங்கர் நேராக இருந்தும் செயின் பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், கேபிள் அட்ஜஸ்டரை இடப்புறமாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள்.

4. டிஸ்க் பிரேக் உரசுகிறது.
காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, பிரேக் லீவரைப் பிடித்தபடியே மீண்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: ஆயில் குறைந்தால், டூவீலர் பிரேக் ஆயிலை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். வேறு சில பிரேக்குகளுக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல் கெட்டு, பிரேக்கே பிடிக்காமல் போகும்.

5. அடிக்கடி பஞ்சர்.
ராமநாதபுரம் மாவட்டத்தில் இதற்குக் காரணம் கேட்கவே வேண்டாம், சீமைக்கருவேல முள். டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலன்ட் திரவமும் இருந்தால், முள் குத்திய ஓட்டை பெரும்பாலும் தானாக அடைபடும். வெயிலுக்கு சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

6. சீட் போஸ்ட் அசையவே இல்லை.
கடலோரத்தின் தனி நோய் இது. அலுமினியம் அரிக்கும்போது உருவாகும் வெள்ளைத் தூள், பழைய உலோகத்தைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். துரு இளக்கும் திரவத்தை ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வைஸில் மாட்டி முறுக்கினால் போஸ்ட் வருவதற்கு முன் ஃப்ரேம் உடையும். வெல்டிங் பட்டறையில் சூடு காட்டவும் கூடாது. இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் இளகிவிடும். வரவில்லை என்றால் கார்பன் தெரிந்த மெக்கானிக்கிடம் போவதுதான் சரி.

விரிசல் இருக்கிறதா... எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழே விழுந்தாலோ, எங்காவது மோதினாலோ, ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் முழுக்க மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டிங்' என்று கணீர் சத்தம் வரும். திடீரென்று 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். பெயிண்டில் கோடு தெரிந்து, அதில் நகம் மாட்டினாலும் சந்தேகம்தான். இந்தச் சோதனையில் எல்லா விரிசலும் பிடிபடாது. சந்தேகம் வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

"ஃபைபர் படகை ஒட்டுகிற மாதிரி இதையும் ஒட்டிடலாமே?" என்று தோன்றும். வேண்டாம். படகில் இருப்பது கண்ணாடி இழை, பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். ஃப்ரேமில் இருப்பது கார்பன் இழையும் எப்பாக்ஸியும். இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பலம் இருக்கிறது. மேலே ஒரு துண்டு ஒட்டினால் ஓட்டை மறையும், பலம் திரும்பாது.

கடலோரத்துக்கான பராமரிப்பு அட்டவணை

- ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும்: நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம். உப்புத் தண்ணீரை அதுவே பேரிங்குக்குள் தள்ளிவிடும்.
- வாரம் ஒருமுறை: செயினைத் துடைத்து ஆயில் விடுங்கள். டிஸ்க்கில் ஆயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- மாதம் ஒருமுறை: சீட் போஸ்ட்டை முழுசாக வெளியே எடுத்து, துடைத்து, புது கார்பன் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். பாட்டில் ஹோல்டர் போல்ட்டையும் கழற்றிப் பூட்டுங்கள்.
- 3 மாதத்துக்கு ஒருமுறை: ஹெட்செட்டின் கீழ் பேரிங்கைப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் கறை வழிந்திருந்தால், பேரிங் ஓரத்தில் உள்ள அளவையும் கோணத்தையும் குறித்து அதே அளவில் புதிது வாங்குங்கள்.

அப்போ கடலோரத்தில் கார்பன் வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம். ஃப்ரேமை உப்பு தின்னாது. ஆனால் கோவையில் ஒரு தடவை பூட்டி வருஷக்கணக்கில் மறந்துவிடுவது போல மண்டபத்தில் விட முடியாது. அலுமினியம் கார்பனைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் நடுவே ஒரு பேஸ்ட் அடுக்கு இருக்க வேண்டும், அதை மாதாமாதம் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கு நேரம் இருந்தால் கார்பன் வாங்குங்கள். இல்லையென்றால் அலுமினிய ஃப்ரேமே நிம்மதி. அதிலும் போல்ட்டுக்கு கிரீஸ் வைக்க மறக்காதீர்கள்.