62 கோடி என்றார்கள், 108 கோடியானது

அமெரிக்காவின் அலபாமா மாநிலச் சட்டமன்றம் 2021-ல் சிறப்புக் கூட்டம் போட்டு, 130 கோடி டாலர் செலவிலான சிறைக் கட்டுமானத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எல்மோர், எஸ்காம்பியா மாவட்டங்களில் தலா 4,000 பேரை அடைக்கும் இரண்டு பெருஞ்சிறைகள்தான் அதன் மையம். கொரோனா நிவாரணமாக மத்திய அரசு தந்த பணத்தில் 40 கோடி டாலரையும் இதற்குத் திருப்பிவிட்டார்கள். எல்மோர் சிறைக்கு 2022-ல் சொன்ன விலை 62.3 கோடி. மறு ஆண்டே அது 97.5 கோடியாயிற்று. தட்டுமுட்டுச் சாமான்கள் முதலானவற்றையும் சேர்த்தபோது 108 கோடியைத் தொட்டது. அதாவது ஒரு கைதிக்கான இடத்துக்கு 2,70,000 டாலர். இரண்டு சிறைகளுக்கென ஒதுக்கியதில் பெரும்பங்கை ஒன்றே விழுங்கிவிட, 2025-ல் மேலும் 50 கோடி கடன் வாங்கச் சட்டமன்றம் அனுமதித்தது. பாதிச் சுவர் எழும்பிவிட்ட பிறகு வேண்டாம் என்று எந்த உறுப்பினர் சொல்வார்? செலவை மறைப்பதன் பலன் இதுதான்: முடிவெடுக்கும் நாளில் சிறிய எண், திரும்ப முடியாத நாளில் பெரிய எண்.

விலைவாசி ஏறிவிட்டது, வடிவமைப்பு மாறிவிட்டது என்பது அரசின் பதில். 2022-ல் விலைகள் ஏறியது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வரைபடம் முடியும் முன்பே ஒற்றை எண்ணை அறிவித்தது யார்? குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று இரண்டு எண்களைச் சொல்லியிருக்கலாமே. போதாக்குறைக்கு, போட்டி டெண்டர் இல்லாமல் கட்டுமான நிறுவனங்களுடன் நேரடியாகப் பேரம் பேச அந்தச் சட்டமே வழிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலையே இல்லாதபோது, ஏற்றத்தில் பணவீக்கத்தின் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து எவராலும் பிரித்தறிய முடியாது. ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். 1882-ல் திறந்த பார்லினி சிறைக்கு மாற்றாக கிளாஸ்கோவில் எழும் சிறைக்கு ஒரு காலத்தில் 10 கோடி பவுண்டு என்றார்கள். 2025-ல் அது 99.84 கோடி.

இந்த எண்களும் முழுச் செலவல்ல. அலபாமா 72.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை விற்க முனைந்து, 2022-ல் 50.9 கோடிக்குத்தான் விற்க முடிந்தது. வீட்டுக் கடன் வாங்கிய எவருக்கும் தெரிந்த கணக்கு: 5 சதவீத வட்டியில் 30 ஆண்டு சம தவணை கட்டினால், வட்டி மட்டுமே ஏறக்குறைய அசலளவு வந்து நிற்கும். 'சிறையின் விலை' என்று மேடையில் சொல்லும் எண்ணில் இது வருவதில்லை. காவலர், மருத்துவர் சம்பளமும் வருவதில்லை. அலபாமாவின் உண்மையான நோயே ஆள்பற்றாக்குறைதான். புதுக் கட்டடங்கள் மட்டும் பிரச்சினையைத் தீர்க்காது என்று அமெரிக்க நீதித் துறை 2019 அறிக்கையிலேயே எழுதியது. 2020 டிசம்பரில் சிறைகளின் நிலைமைக்காக மாநிலத்தின் மீது வழக்கும் போட்டது.

கைதிகள் கொலையுண்டு சாகும் இடத்தில் கணக்குக் கேட்டு நேரத்தைக் கடத்தலாமா என்று சிலர் கேட்கலாம். கனமான கேள்விதான். ஆனால் கட்டடத்துக்குப் போன கூடுதல் 45 கோடி, காவலர் நியமனத்துக்கும் மனநலச் சிகிச்சைக்கும் போயிருக்கக்கூடிய பணம். முழுச் செலவு முதலிலேயே தெரிந்திருந்தால் எதை முதலில் செய்வது என்ற விவாதமாவது நடந்திருக்கும். பாதுகாப்பு ரகசியம் என்ற வாதத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை: கேமரா எங்கே என்பது ரகசியம், அதற்கு என்ன விலை என்பதில் என்ன ரகசியம்? பேரம் நடக்கும்போது எண்களை வெளியிட்டால் ஒப்பந்தக்காரர் விலையை ஏற்றுவார் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படியானால் கையெழுத்தான மறுநாள் வெளியிடட்டும். விலை மாறும் ஒவ்வொரு முறையும் காரணத்தோடு வெளியிடட்டும்.

கட்டுமானச் செலவின் கீழ் வரம்பு, மேல் வரம்பு, கடன் வட்டி, 30 ஆண்டு நடத்தும் செலவு. இந்த நான்கு எண்களும் ஒரே பக்கத்தில் இல்லாத எந்தச் சிறை மசோதாவுக்கும் எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் கை தூக்கக் கூடாது.