வான வஸ்துந்தி, சாமி!

திருப்பதிக்குப் பாதயாத்திரையாக, வடமாலப்பேட்டையைத் தாண்டி ரேணிகுண்டாவை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். பங்குனி மாதம், மாலை நாலரை மணி. டீக்கடைப் பாட்டி மலைப்பக்கம் கையைக் காட்டி, "வான வஸ்துந்தி, சாமி" என்றார். தெலுங்கில் 'வான' என்றால் மழை. தமிழ்க் காதுக்கு, வானமே வருகிறது என்றுதான் விழும். கால்மணி நேரத்தில் அப்படித்தான் வந்தது. முதலில் புழுதி, பிறகு காற்று, காற்றோடு மாம்பிஞ்சு, கடைசியில்தான் தண்ணீர்.

புரட்டாசியில் இதே சாலை வேறு மாதிரி இருக்கும். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் என்று மஞ்சள் வேட்டிக் கூட்டம் சங்கிலிபோல நீளும். பந்தல் போட்டு மோரும் புளியோதரையும் கொடுப்பார்கள். லாரிக்காரர்கூட ஒதுங்கிப் போவார். பங்குனியில் நடப்பவனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மாசியில் சிவராத்திரிக்குக் காளஹஸ்திக்கு நடப்பவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பங்குனிப் பௌர்ணமியில் திருமலைக் காட்டுக்குள் தும்புரு தீர்த்த முக்கோடி விழா நடக்கும். அதற்குப் போகிறவர்கள், வேண்டுதல் பாக்கி வைத்தவர்கள், அறுவடை முடிந்து கை ஓய்ந்தவர்கள் என்று ஐந்தும் பத்துமாகத்தான் சாலையில் தென்படுவார்கள். திருத்தணியிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மூன்று நாள் நடை என்று கிளம்புவார்கள். வெயில் அதை நான்காக்கும். மழை வந்தால் சொல்லவே முடியாது.

இந்தப் பருவத்தின் சிக்கல் வெயில் மட்டுமல்ல, மழை மட்டுமல்ல. இரண்டும் வைத்திருக்கும் நேரக் கணக்கு. காலை பத்துக்கு மேல் தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பது வரை நடப்பது, பகலில் எங்காவது முடங்குவது, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடப்பது என்பதே குருசாமிகள் வகுத்த முறை. ஆனால் கோடை இடியும் அதே நேரத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. பகல் முழுக்கச் சூடான தரையிலிருந்து காற்று மேலே கிளம்ப, வங்கக்கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வர, சேஷாசல மலை அதை இன்னும் மேலே தூக்கிவிட, பிற்பகலில் மேகம் கோபுரமாக எழும்பும். நாலு மணிக்கு நாம் துண்டை உதறிக்கொண்டு எழும்போது அதுவும் எழுந்திருக்கும். சில நாள் வெறும் உறுமலோடு போய்விடும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம்.

சித்தூர்ச் சீமை மாங்காய் நாடு. இந்த மழையை நம்பியும் பயந்தும் வாழ்கிறவர்கள் தோப்புக்காரர்கள். தூறல் அளவோடு வந்தால் காய் திரளும். காற்றோடு வந்தால் பாதி தரையில் கிடக்கும். வானத்தைப் பார்க்க நான் கற்றது அவர்களிடம்தான். கைபேசியில் வரும் மழைப்படம் மாவட்டத்துக்கு ஒன்று சொல்லும். தோப்புக்காரர் இந்த மலைக்கு இந்தப் பக்கம் என்று சொல்வார்.

பழைய வழி வெயிலையும் மழையையும் அறிந்து போட்ட வழி. ரேணிகுண்டா என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது: தெலுங்கில் 'குண்ட' என்றால் குட்டை. நடப்பவனுக்கு ஒரு குட்டை, தலைச்சுமை இறக்க ஒரு சுமைதாங்கிக் கல், ஒதுங்க ஒரு கல்மண்டபம், படுக்க ஒரு சத்திரம். 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி திருப்பதி வழியாகத்தான் கடப்பைக்குப் போனார். பல்லக்கும் பரிவாரமுமாகப் போனவர்தான். ஆனாலும் எங்கே தங்க இடம் உண்டு, எங்கே தண்ணீர் நன்றாயிருக்கும் என்பதையெல்லாம் நாள்தோறும் குறித்துக்கொண்டே போயிருக்கிறார். 1862ல் ரயில் ரேணிகுண்டாவுக்கு வந்தது. இன்று சென்னை, கூடூர், குண்டக்கல், திருப்பதி என்று நாலு திசைக்கும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு. பக்கத்திலேயே விமான நிலையமும் இருக்கிறது. நடந்தே ஆகவேண்டிய கட்டாயம் போய், நடக்க வேண்டும் என்று நினைப்பவன் மட்டும் மிஞ்சினான். அவனுக்காக யார் மண்டபம் கட்டுவார்கள்? சாலை அகலமான இடங்களில் புளியமரமும் போயிற்று. கோபப்படலாம், ஆனால் இடி இடிக்கும்போது புளியமரத்தடியில் நிற்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி கழியும்வரை வெளியே வரக்கூடாது. கோவிந்தா சொல்லிக்கொண்டே எண்ணலாம், தடையில்லை.

மழை விட்ட பிறகுதான் காலுக்குச் சோதனை. ஈரத்தில் ஊறிய பாதம், மறுநாள் சூடான ஜல்லி: கொப்புளத்துக்கு இதைவிட நல்ல விதைப்பு இல்லை. கொப்புளத்தில் ஊசிநூல் கோத்து விடுவது யாத்திரைக்காரர்களின் பழைய வைத்தியம். அந்த நூல் வழியே அழுக்கும் உள்ளே போகும். காலைத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் தடவி, அன்று மாலை நடையை விட்டுவிடுவதே மேல்.

மலையேறினால் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அலிபிரி வழியில் 3,550 படி, மேலே கூரை உண்டு, மழைக்குக் கவலையில்லை. ஆனால் காடு தன் கணக்கை வைத்திருக்கிறது. 2014 மார்ச்சில் திருமலைக் காடு பற்றி எரிந்தபோது ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார்கள். 2021 நவம்பர் வெள்ளம் மலையேறும் இன்னொரு வழியான ஸ்ரீவாரி மெட்டின் படிகளை உடைத்துவிட, அந்தப் பாதை மறு ஆண்டு மே மாதம்தான் திறந்தது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்றபின், பிள்ளைகளோடு ஏறுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. பக்தர்களுக்குக் கையில் தடியும் கொடுத்தார்கள்.

அன்று எங்களுக்குக் கிடைத்ததும் மண்டபம்தான், கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, செருப்பில்லாத எங்கள் காலைப் பார்த்து ஒரு கோணிப்பையை விரித்தார். மழை நின்றதும் அவர் மனைவி முறத்தில் மாம்பிஞ்சு பொறுக்கிவந்து, உப்பும் மிளகாய்த்தூளும் பக்கத்தில் வைத்தார். அன்று மாலை நடையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர்களும் போகச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு எழுந்தபோது சாலை குளிர்ந்து கிடந்தது. புழுதி அடங்கியிருந்ததால் மலை கழுவிவைத்ததுபோலத் தெரிந்தது. படிக்கட்டு விளக்குகள் வரிசையாக இருட்டில் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் கூட்டத்தில் சின்னவன் அவற்றை எண்ணத் தொடங்கினான். இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டு, மடியில் முடிந்துவைத்திருந்த மாங்காயை எடுத்துக் கடித்தான்.