பணம் கொடுத்தவர் யார்?

மருத்துவ ஆராய்ச்சி செய்யும் என் மகள் தன் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தாள். டிப்ளமோ படித்த ரயில்வேக்காரனுக்குக் கடைசிப் பக்கம்தான் புரிந்தது. எனக்குக்கூட நன்றி சொல்லியிருந்தாள். பணம் கொடுத்தவர் பெயர் இல்லை. கேட்டால், "அது அவ்வளவு முக்கியமாப்பா?" என்கிறாள்.

முக்கியம்தான். 1967-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூவர் இதய நோய் பற்றி எழுதினார்கள். பழியைக் கொழுப்பின் மேல் போட்டுச் சர்க்கரையைத் தப்பவிட்ட கட்டுரை அது. நிதி உதவிய மற்றவர்களைக் குறிப்பிட்டவர்கள், 6,500 டாலர் தந்த சர்க்கரைத் தொழில் அமைப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். பழைய கடிதங்கள் மூலம் 2016-இல்தான் விஷயம் வெளிவந்தது. அன்று அதற்கு விதி இல்லை என்பதும் உண்மை. அந்த இதழ் விதி வைத்தது 1984-இல். கட்டுரை முழுதும் பொய் என்று நான் சொல்லவில்லை. சிமெண்ட் விற்றவரே தரச் சான்றும் கொடுத்தால் நாங்கள் மறுபடி சோதிப்போம். அந்த டாக்டர்களுக்கு அப்படிச் சோதிக்கத் தோன்ற வழியே இல்லாமல் போயிற்று.

நிதி தந்த அமைப்பின் முழுப் பெயர், அனுமதி எண், ஆய்வில் அவர்கள் தலையிட்டார்களா என்பது – மூன்றும் வேண்டும். ஆய்வு நடந்த நிறுவனத்தையே ஆசிரியர் பெயருடன் போட வேண்டும்; வேலை மாறியிருந்தால் புது முகவரி அடிக்குறிப்பில். மகள் புது ஆஸ்பத்திரியின் பெரிய பெயரைப் போட்டிருந்தாள்!

இப்போது அனுமதிக் கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நன்றி பெறுபவரிடமும் சம்மதம் வாங்க வேண்டுமாம். நான் தரவில்லை.