அழகு வாத்துகளும் ஒரு கடன் மனுவும்

கவர்னர் பிட் காலத்தில், 1734-ஆம் ஆண்டில், சுங்குராமரின் தோட்டத்தில் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊரே சின்னத் தறிப்பேட்டை. அதுவே சிந்தாதிரிப்பேட்டையென மருவிற்று என்பர். தறியோசை அடங்கிவிட்ட அவ்வூர்ச் சந்தொன்றில் வசிக்கும், நெசவுக் குடும்பத்தில் வந்த அங்கத்தினர் ஒருவரின் கடன் மனுவைப் பரிசீலிக்கும் பொருட்டு ஆடி மாதத்தில் நாம் சென்றிருந்தோம். மனுவிற் கண்ட உபதொழில், அழகு வாத்து வளர்ப்பு!

மொட்டைமாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் மாண்டரின் வாத்துகள் இரண்டு. சீனம், ஜப்பான் முதலிய நாடுகளுக்குரிய இவ்வினத்தில், ஆணின் முதுகில் பொன்னிறச் சிறகிரண்டு பாய்மரம்போல் நிமிர்ந்து நிற்பது வழக்கம். இங்கோ இரண்டும் சாம்பல் பூத்திருந்தன.

“ஐயா, வாங்கும்போது பட்டுடுத்தியதுபோல் இருந்தது. நோய்ப் பறவையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டாரின் வளையலை அடகு வைத்த பணம்” என்று அவர் கலங்கினார்.

அலகை நோக்கினோம். ஒன்றின் அலகு சிவந்திருந்தது. நோயன்று, இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் ஆண் தன் கோலத்தைக் களைந்து பெட்டையைப்போல் ஆகிவிடும். பறக்கும் இறகுகளும் ஒருங்கே உதிர்வதால் சில வாரங்கள் அதனாற் பறக்கவும் இயலாது. இதனை விற்றவர் ஒரு சொல் கூறியிருக்கலாம்!

ஆயினும் மனுவுக்கு நாம் சிபாரிசு செய்யவில்லை. மரப்பொந்தில் முட்டையிடும் பறவைக்கு அங்கே ஒரு பெட்டிகூட இல்லை. வன்தரையில் ஓயாது நடப்பின் பாதம் புண்ணாகும். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் தின்னும் வாத்துக்குஞ்சு, நியாசின் சத்துக் குறைவால் கால் வளைந்து போகும். தொட்டி நீரை நாடோறும் மாற்றவேண்டும். அந்தச் சந்திலோ தண்ணீர் லாரியில் வருகிறது.

மற்றொன்றும் அவர் உரைத்தார். மதுராந்தகத்துப் பக்கம் பயிரிடும் மைத்துனர், வயலிற் கிடைக்கும் சீழ்க்கைச் சிறகியின் முட்டைகளைக் கோழியை வைத்துப் பொரித்துத் தருவதாகச் சொன்னாராம். இது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பயிரிடும் அங்கத்தினர்கள் இதனை அவசியம் கவனிக்க வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும். நம் நாட்டு இளஞ்சிவப்புத் தலை வாத்து ஒரு காலத்தில் கல்கத்தாச் சந்தையில் விலைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஆல்பிரட் எஸ்ரா என்னும் செல்வர் தம் பாக்ஸ்வாரன் தோட்டத்தில் அவற்றைப் பேணினார். குளமும் காவலும் பணமும் குறைவின்றியிருந்தும் அவை அங்கே ஒரு குஞ்சும் பொரிக்கவில்லை. இயற்கையிலும் 1949-க்குப் பின் அப்பறவையைக் கண்டதற்கு உறுதியான சான்றில்லை.

ஐப்பசியில் மீண்டும் சென்றோம். ஆண் பொற்சிறகு விரித்து நின்றது. தரையில் மணலும் கோரைப்பாயும் பரப்பி, பழைய தறிக்கட்டையால் அவர் ஒரு பெட்டி செய்திருந்தார். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. தொட்டி நீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. மனுவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.