புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

ரேணிகுண்டா சந்திப்பில் ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, பேசிக்கொண்டே விழுங்கிப் புரையேறித் தவிப்போரை நடைமேடையில் காணலாம். உடனிருப்பவர் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உங்களை நினைக்கிறார்கள்" என்பார். நினைப்பவர் யாராயினும், நிகழ்ந்தது இதுதான்: உணவு வழியில் செல்ல வேண்டியது மூச்சு வழியில் நுழைந்துவிட்டது.

இவ்விரு வழிகளும் தொண்டையில் ஒன்றையொன்று கடக்கின்றன. ரயில் சந்திப்பைப் போலவே, ஒன்றைத் திறக்குமுன் மற்றொன்றை அடைத்தாக வேண்டும். நாக்கு கவளத்தைப் பின்னே தள்ளியதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல் நாண்கள் நெருங்கி மூடுகின்றன, குரல்வளை மூடி கவிழ்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. ஏறத்தாழ ஒரு விநாடியில் இவ்வளவும் முடிந்துவிடும். கழுத்தில் விரல் வைத்து எச்சிலை விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்குவதை நீங்களே உணரலாம். பிறகு சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் அலையலையாகச் சுருங்கி, கவளத்தை 8 முதல் 10 விநாடிகளில் இரைப்பையில் சேர்க்கிறது. தலைகீழாக நின்றாலும் விழுங்க முடிவது இதனால்தான்.

இந்த ஒழுங்கை நடத்துவது மூளைத்தண்டு. பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்படும்போது இது குலைகிறது. தொடக்க நாள்களில் ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு விழுங்குவதில் இடர் உண்டு. வாழ்நாள் சான்றிதழுக்காக, பக்கவாதமுற்ற ஓய்வூதியர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்ற நவம்பரில் சென்றிருந்தேன். கைநாட்டுப் பெற்று எழுந்தபோது, அவருடைய துணைவியார் படுத்திருந்தவருக்குத் தண்ணீர் புகட்டினார். பெரும் இருமல். எளிதாக இறங்கட்டும் என்று கஞ்சியையும் நீர்க்கக் கரைத்தே கொடுத்து வருவதாகவும், இரண்டு மாதத்தில் இருமுறை காய்ச்சல் வந்ததாகவும் அவ்வம்மையார் சொன்னார்.

நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். உண்மை வேறு. நீர் விரைந்து ஓடும். தளர்ந்த தொண்டை வழியை அடைக்குமுன் அது நுரையீரலை எட்டிவிடும். அதனால் வருவதே நிமோனியா. சிலருக்கு இருமலே வராமல் இது நிகழ்வது இன்னும் கொடிது. மருத்துவர் சோதித்த பின் அவருக்குக் கெட்டியான கஞ்சி, நிமிர்ந்து அமர்தல், சிறு கரண்டி, உண்டபின் அரைமணி நேரம் படுக்காதிருத்தல் ஆகியவை விதிக்கப்பட்டன. எவருக்கு எவ்வளவு கெட்டி என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

முதலில் சோறும் பிறகு கஞ்சியும் நெஞ்சில் தடைபட்டு, உடலும் மெலிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடலாகாது. அது உணவுக்குழாய்ப் புற்றாக இருக்கக்கூடும். எல்லாவற்றையும் வாயுத்தொல்லை என்று சொல்லி மாத்திரை வாங்கும் வழக்கம் நம்மிடம் மிகுதி. அந்த மாத்திரையையும் வாயில் போட்டு அப்படியே படுத்துவிடுகிறோம். அது குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு குவளை நீருடன் நிமிர்ந்து விழுங்குவதே முறை.

புரையேறியவர் பலமாக இருமினால் இருமவிடுங்கள். பேசவோ இருமவோ இயலாமல் தொண்டையைப் பிடித்தால், தண்ணீர் கொடுக்காதீர்கள். முன்னே குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். உச்சந்தலையில் தட்டுவதால் பயனில்லை.